பர்லியாறு ஊட்டியான கதை: ஒரு மலையூர் செய்தி அறையின் ஒரு காலை

2019 நவம்பர். விடிவதற்கு முன்பே குன்னூர் - மேட்டுப்பாளையம் மலைப்பாதையில், பர்லியாறுக்குச் சற்று மேலே மண் சரிந்தது. இரண்டு லாரி மண், வேரோடு சாய்ந்த ஒரு பலா மரம், நாலைந்து பாறைகள். சாலையில் பாதி அடைபட்டது. யாருக்கும் அடிபடவில்லை. மூன்று மணி நேரத்துக்குள் ஜேசிபி வந்து எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் மலையில் வாரம் ஒருமுறை நடக்கிற சங்கதி.

அன்று காலை எட்டு மணிக்கு முன்பே ஒரு தேசியச் சேனலில் அது "ஊட்டியில் நிலச்சரிவு, சுற்றுலாப் பயணிகள் தவிப்பு" என்று ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் காட்டிய காட்சி அந்த நவம்பருடையதே இல்லை. மூன்று மாதத்துக்கு முன், ஆகஸ்டில், நீலகிரியிலேயே அவலாஞ்சிப் பக்கம் எடுத்தது. அந்தக் காட்சியை அவர்களுக்கு அனுப்பி வைத்தவன் நான்தான்.

அப்போது குன்னூரில் ஓர் உள்ளூர் கேபிள் சேனலில் செய்திப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தேசியச் சேனலை நடத்தும் நெட்வொர்க்கின் பெயரோ எங்கள் சேனலின் பெயரோ இங்கே தேவையில்லை. எந்தப் பெயரைப் போட்டாலும் கதை பெரிதாக மாறாது.

அறையும் ஆட்களும்

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி, இரண்டு அறைகள். ஒன்றில் எடிட்டிங் கணினி. இன்னொன்றில் பச்சைத் திரை, இரண்டு விளக்கு, ஒரு மேசை. ஆசிரியர் ஒருவர், விளம்பரம் வசூலிப்பதும் அவர் வேலைதான். இரண்டு ரிப்போர்ட்டர்கள், ஒரு கேமராமேன், மாலை ஐந்து மணிக்குக் கல்லூரி முடிந்து வரும் செய்தி வாசிப்பாளர், அப்புறம் நான். இரவு ஏழு மணிக்குப் பதினைந்து நிமிடச் செய்தி. அதுவே ஒன்பது மணிக்கு மறுபடி, மறுநாள் காலை ஏழுக்கு இன்னொரு முறை.

பார்க்கிறவர்களுக்கு எங்களிடம் வேண்டியது என்ன என்பதில் எங்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை. பச்சைத் தேயிலைக்கு இந்த மாதம் என்ன விலை, எந்த ஹட்டி (படுகர் ஊர்) பக்கம் காட்டெருமை நிற்கிறது, மலை ரயில் ஓடுகிறதா, நாளைக்குப் பள்ளி உண்டா. இந்த நாலில் மூன்று இருந்தால் போதும், போன் வராது. ஒன்றும் இல்லாமல் அமைச்சர் திறப்பு விழாவை மட்டும் போட்டால் மறுநாள் டீக்கடையில் மானம் போகும்.

எங்கள் மூத்த ரிப்போர்ட்டர்தான் அந்தத் தேசிய நெட்வொர்க்குக்கும் மாவட்டச் செய்தியாளர். தொழிலில் ஸ்ட்ரிங்கர் என்பார்கள். அவர் பைக்கின் பெட்டியில் இரண்டு மைக் லோகோ எப்போதும் கிடக்கும். கலெக்டர் பேட்டியின்போது முதல் கேள்விக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இன்னொன்று என்று மாற்றி மாட்டுவார். ஒப்பந்தம் அவர் பெயரில் ஒரே ஒரு பக்கம். சேனலுக்கு அதில் பணம் இல்லை. எங்கள் காட்சிகளை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம், அவர்களுடைய காட்சிகளை 'நன்றி' போட்டு நாங்கள் காட்டலாம். இதுதான் எங்கள் இணைப்பு.

இணைப்பு என்றதும் அமெரிக்க முறையை நினைப்பவர்கள் உண்டு. அது வேறு ஏற்பாடு. அங்கே நாடு 210 தொலைக்காட்சிச் சந்தைகளாகப் பிரிந்திருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி போன்ற நெட்வொர்க்குகளின் நிகழ்ச்சிகளை ஒளிபரப்புவது, தனி உரிமமும் தனி முதலாளியும் உள்ள உள்ளூர் நிலையம். மாலையில் நிலையம் தன் செய்தியைத் தன் ஆட்களை வைத்து வாசிக்கும். தேசியச் செய்தி நேரத்தில் நெட்வொர்க் வரும். உள்ளூர்க் காட்சிகள் மேலே போகவும், மேலிருந்து மற்ற ஊர்க் காட்சிகள் கீழே வரவும் சிபிஎஸ் நியூஸ்பாத், ஏபிசி நியூஸ்ஒன் மாதிரி பரிமாற்றச் சேவைகளே இருக்கின்றன. பொருத்தமில்லை என்று படும் நெட்வொர்க் நிகழ்ச்சியை மறுக்கும் உரிமையை உள்ளூர் நிலையத்தின் கையிலிருந்து ஒப்பந்தம் போட்டுப் பிடுங்கக் கூடாது என்று விதியும் உண்டு. நான் பொறாமைப்படுவது இந்தக் கடைசி வரிக்காக. எங்கள் ஆளுக்கு நெட்வொர்க்கின் ஒரு டிக்கர் வரியை, திரையின் அடியில் ஓடும் அந்த வரியை, மறுக்கக்கூட வழி கிடையாது.

இங்கே உள்ளூர் கேபிள் சேனல் என்பது சட்டப்படி சேனலே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேபிள் நிறுவனம் தன் வாடிக்கையாளருக்குத் தரும் கூடுதல் சேவை, அவ்வளவுதான். 2022 நவம்பரில்தான் ஒன்றிய அரசு இதற்குத் தனி வழிகாட்டுதல் கொண்டு வந்தது: ஒரு சேவைக்கு 1,000 ரூபாய் பதிவுக் கட்டணம், மொத்தச் சேனல் கொள்ளளவில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, உள்ளூர்ச் செய்தி போட வேண்டுமானால் கம்பெனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். நான் சொல்லும் காலத்தில் இதெல்லாம் கிடையாது.

அந்தக் காலை

5:40-க்குப் போன். முதல் பேருந்தை ஓட்டிப்போன டிரைவர் அண்ணன். "தம்பி, பர்லியாறு மேல மண்ணு விழுந்திருக்கு, ஒரு சைடு போலாம்." எங்கள் செய்தி அறையின் உண்மையான மூலதனம் இப்படி எங்கள் எண்ணை வைத்திருக்கும் முப்பது நாற்பது பேர்தான். டிரைவர்கள், எஸ்டேட் கண்டக்டர்கள், லைன் பார்க்கும் மின்வாரியத் தொழிலாளி, ரயில்வே டிராலிக்காரர். இவர்கள் யாருக்கும் நாங்கள் ஒரு ரூபாய் தந்ததில்லை. தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ்.

ஆறு மணிக்கு மூத்த ரிப்போர்ட்டரும் கேமராமேனும் பைக்கில் இறங்கினார்கள். 6:45-க்கு இடத்தில். நான்கு நிமிடம் படம் பிடித்தார்கள். சாலைப் பணியாளர் ஒருவரிடம் பைட், அதாவது சின்னப் பேட்டி, எடுத்தார்கள். அங்கே டவர் கிடையாது. இந்தப் பாதையில் எந்த வளைவில் எந்த நிறுவனத்தின் டவர் கிடைக்கும் என்பது எங்களுக்கு மனப்பாடம். மேலே ஏறி ஒரு வளைவில் நின்று, 7:20-க்கு நெட்வொர்க்கின் வாட்ஸ்அப் குழுவில் ரிப்போர்ட்டர் போட்ட செய்தி இது:

"குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியாறு அருகே மண்சரிவு. ஒரு பக்கம் மட்டும் வாகனங்கள் செல்கின்றன. உயிர்ச்சேதம் இல்லை. சீரமைப்புப் பணி தொடங்கியது."

சரியான செய்தி. இதில் ஒரு சொல்லைக்கூட நான் என்றைக்கும் மாற்றமாட்டேன் என்று அப்போது நினைத்தேன். பிறகு மாற்றினோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நெட்வொர்க்கின் கோவை அலுவலகம் அதைச் சென்னைக்கு அனுப்பியபோது: "நீலகிரியில் மண்சரிவு: மேட்டுப்பாளையம் சாலையில் போக்குவரத்து பாதிப்பு."

சென்னை மேசை (செய்தியைத் திருத்தி வெளியிடும் குழு) டிக்கரில் போட்டது: "நீலகிரியில் நிலச்சரிவு: ஊட்டி சாலையில் போக்குவரத்து துண்டிப்பு."

தில்லி, 7:50: "ஊட்டியில் நிலச்சரிவு, சுற்றுலாப் பயணிகள் தவிப்பு."

நாலு பேர், அரை மணி நேரம். ஒருவரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. பிற்பாடு இந்த நாலு வரிகளையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். முதலில் செத்தது 'இல்லை' என்ற சொல். உயிர்ச்சேதம் இல்லை என்பது செய்தியின் கடைசியில் இருந்தது. இடம் போதாதபோது வெட்டுவது கடைசியைத்தான். அடுத்து போனது 'ஒரு பக்கம்'. பாதி திறந்திருக்கிறது என்பதைச் சுருக்கினால் 'பாதிப்பு', அதை இன்னும் சுருக்கினால் 'துண்டிப்பு'. மூன்றாவதாக, மண்சரிவு நிலச்சரிவானது. மலையில் வாழ்கிறவர்களுக்கு இரண்டும் வேறு வேறு. மண்சரிவு என்றால் சாலையோர மேடு சரிவது, மண்வெட்டியும் ஜேசிபியும் பார்த்துக்கொள்ளும். நிலச்சரிவு என்றால் வீட்டோடு ஆட்கள் போவது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டி, மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அது நிலச்சரிவு. அந்த நினைவு உள்ள ஊரில் இந்தச் சொல்லை லேசாகப் போட முடியாது. சமவெளியில் உட்கார்ந்து தட்டச்சு செய்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

கடைசியாக, பர்லியாறு ஊட்டியானது. பர்லியாறு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. பாக்கும் பலாவும் விளையும் இடம், வேர்க்கும். உதகை 2,240 மீட்டர். நடுவில் குன்னூரைத் தாண்டி முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஏற வேண்டும். நீலகிரி மாவட்டத்தில் ஆறு வட்டங்கள், 2011 கணக்குப்படி 7.35 லட்சம் பேர். தேசிய மேசைக்கு இத்தனையும் சேர்ந்து ஒரே ஊர்.

பழைய காட்சி உள்ளே வந்த வழி

இதை நாங்கள் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. யாரோ வேண்டுமென்றே பரபரப்புக்காகப் போட்டார்கள் என்றுதான் எல்லோரும் நம்பினோம். நடந்தது அதைவிடச் சாதாரணம்.

கேமராவிலிருந்து வருகிற ஒரு நிமிடக் காட்சி, நொடிக்கு 50 மெகாபிட் தரத்தில், சுமார் 375 எம்.பி. மலை வளைவில் நின்றுகொண்டு நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் அதை ஏற்ற 25 நிமிடம் ஆகும், அதுவும் டவர் நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால். அதனால் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி அனுப்புவோம். இரண்டரை நிமிடத்தில் போய்விடும். போய்ச் சேர்கிற படம் மழையும் மங்கலுமாக இருக்கும். நேரலைக்குப் பல சிம் கார்டுகளைச் சேர்த்து ஓடும் பேக்பேக் கருவி இருக்கிறதே என்று கேட்கலாம். ஆறு சிம் போட்டாலும் ஆறுக்கும் டவர் இல்லாத இடத்தில் அது வெறும் பை. கோவையிலிருந்து ஓபி வேன், அதாவது செயற்கைக்கோள் வழியாக நேரலை அனுப்பும் வண்டி, வரலாம்தான். அது வர வேண்டிய சாலையில்தான் மண் கிடக்கிறது. கோத்தகிரி வழியாகச் சுற்றி வந்தாலும் கனமழை நேரத்தில் செயற்கைக்கோள் சிக்னல் விழுந்துவிடும்.

ஆக, தில்லியில் ஒரு பிரேக்கிங் வரி தயார், படம் இன்னும் வரவில்லை. வந்ததும் மங்கல். அங்கே இருந்த யாரோ காப்பகத்தில் 'நீலகிரி', 'சரிவு' என்று தேடியிருக்கிறார்கள். பளிச்சென்று, பெரிதாக, மலையே பிளந்த மாதிரி ஒரு காட்சி கிடைத்தது. ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.யைத் தாண்டி மழை பெய்தபோது நாங்கள் எடுத்தது. அப்போது நிதானமாக ஆபீசிலிருந்து முழுத் தரத்தில் நான் ஏற்றியது. கோப்பின் பெயர்: 'நீலகிரி லேண்ட்ஸ்லைடு ஃபைனல் நியூ 2'. தேதி இல்லை, இடம் இல்லை. தூக்கக் கலக்கத்தில் வைத்த பெயர்.

'கோப்புக் காட்சி' என்று அவர்கள் போட்டிருக்க வேண்டும், சரி. ஆனால் அது எப்போது எடுத்தது என்று அந்தக் கோப்பு அவர்களுக்குச் சொல்லவில்லை. எடிட்டிங் அறையில் இதைக் கண்டுபிடித்தபோது கேமராமேன் அண்ணன் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எட்டு மணிக்குப் பிறகு

முதல் அழைப்பு மதுரையிலிருந்து. மகள் ஊட்டியில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள், போன் எடுக்கவில்லை என்று ஓர் அம்மா. பெண் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அடுத்து காட்டேஜ் நடத்துபவர்கள், டாக்சிக்காரர்கள். சனி, ஞாயிறு முன்பதிவு ரத்தாகிக்கொண்டே இருந்தது. "அண்ணா, ஊட்டில ஒரு தூறல்கூட இல்ல. நம்ம ஊர்க்காரரே இப்படிப் போடலாமா?" என்று ஒருவர் எங்கள் மூத்த ரிப்போர்ட்டரைக் கேட்டார். இவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார். அதை யார் படிக்கப் போகிறார்கள்? திரையில் அவர் பெயரும் முகமும்தானே இருந்தது.

9:15-க்கு அவரை ஃபோனோவில், அதாவது போன் வழி நேரலையில், எடுத்தார்கள். "சாலை திறந்துவிட்டது, வாகனங்கள் இரண்டு பக்கமும் செல்கின்றன" என்று அவர் பேசிக்கொண்டிருக்க, கீழே டிக்கரில் 'துண்டிப்பு' ஓடிக்கொண்டிருந்தது. பேசுகிறவரை அழைப்பது ஒரு மேசை, டிக்கர் போடுவது இன்னொரு மேசை. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் நினைத்ததைவிட நீளமான தாழ்வாரம் இருக்கிறது போல. 11:20 வாக்கில் வரி 'நீலகிரியில் போக்குவரத்து சீரானது' என்று மாறியது. முதலில் போட்டது தவறு என்று எங்கும் வரவில்லை.

அன்று மாலை எங்கள் செய்தியில் இது மூன்றாவது இடத்தில், நாற்பது நொடி. பர்லியாறு எங்கே இருக்கிறது என்று எங்கள் பார்வையாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் செய்தி மலை ரயில் ரத்து.

காசு

இந்த மாதிரி விஷயத்தில் எல்லோரும் அவசரத்தைத்தான் குற்றம் சொல்வார்கள். நான் காசைச் சொல்வேன். ஸ்ட்ரிங்கருக்கு மாதச் சம்பளம் இல்லை. ஒளிபரப்பான செய்திக்குத்தான் பணம். பர்லியாறு வரை போய்வர பெட்ரோல், நனைந்த மழைக்கோட்டு, கேமராமேனுக்கு டிபன், எல்லாம் அவர் கையிலிருந்து. 'மண்சரிவு, ஒரு பக்கம் போக்குவரத்து' என்ற செய்தி தேசியச் சேனலில் ஓடாது. ஓடாததற்குக் காசு வராது. 'நிலச்சரிவு' ஓடும். எங்கள் ஆள் நேர்மையானவர், சரியான சொல்லைத்தான் எழுதினார். அந்த மாதம் அவருக்கு வந்த பணப் பட்டியலில் அந்தச் செய்தியும் இருந்தது. மேலே யாரோ சொல்லை மாற்றியதால்தான் அவருக்குப் பணம் கிடைத்தது. அதை வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று அவர் என்னிடம் கேட்டார். வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன். பெட்ரோல் போட்டாகிவிட்டதே.

பட்டியலைப் புரட்டினால் இன்னொன்றும் தெரியும். அந்த ஆண்டு முழுக்க அவர் மேலே அனுப்பியதில் பச்சைத் தேயிலை விலை பற்றி ஒரு செய்திகூட ஓடவில்லை. யானை, சிறுத்தை, மழை, மலர்க் கண்காட்சி, உறைபனி. எங்கள் மாவட்டம் அவர்களுக்கு இந்த ஐந்தும்தான்.

மாற்றியவை

முதலில் படத்தின் மூலையில் தேதியும் இடமும் பதித்து அனுப்பினோம். சுத்தமான படம்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ரிப்போர்ட்டர் காட்சியின் தொடக்கத்தில் மூன்று நொடி கேமராவைப் பார்த்து இடம், தேதி சொல்வது என்று வைத்தோம். எடிட்டிங்கில் முதலில் வெட்டுவது அந்த மூன்று நொடியைத்தான். ஆனால் காப்பகத்தில் மூலக் கோப்பு அப்படியே இருக்கும், தேடுகிறவர் திறந்தால் முதலில் அது பேசும். கோப்பின் பெயர் தேதியில் தொடங்கி, ஊர், வட்டம் என்று முடியும். இந்த விதியை ஆசிரியர் சுவரில் எழுதி வைத்தார். மீறினால் டீ வாங்கித் தர வேண்டும். அதிகமாக டீ வாங்கித் தந்தவன் நானே.

செய்தி வாக்கியத்தில்தான் உண்மையான மாற்றம். 'உயிர்ச்சேதம் இல்லை' முதல் வரிக்கு வந்தது. இன்னொன்று மூத்த ரிப்போர்ட்டரின் யோசனை. எனக்கு முதலில் பிடிக்கவில்லை. "எப்படியும் அவங்க ஊட்டின்னுதான் போடப் போறாங்க. நாமே போட்டுடலாம், தூரத்தோட" என்றார். அதன்பிறகு எங்கள் வரிகள் இப்படிப் போயின: "உயிர்ச்சேதம் இல்லை, ஊட்டிக்கு 30 கி.மீ. கீழே, பர்லியாறு அருகே சாலையில் மண் சரிவு, ஒரு பக்கம் போக்குவரத்து." ஊட்டி என்ற சொல் உள்ளே இருப்பதால் யாரும் அதைத் தேடிச் செருக வேண்டியதில்லை. தூரம் கூடவே ஒட்டிக்கொண்டு போகும். இலக்கணமாகப் பார்த்தால் அசிங்கமான வாக்கியம். அடுத்த மழைக்காலத்தில் பத்தில் ஆறேழு முறை முழுசாக மேலே போய்ச் சேர்ந்தது.

2021 டிசம்பர் 8

இதை ஏன் இங்கே சேர்க்கிறேன் என்றால், முழு நாடும் எங்கள் வட்டத்தைப் பார்த்த நாள் அது. சூலூரிலிருந்து 11:48-க்குக் கிளம்பிய விமானப்படையின் எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் 12:15-க்குக் குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12:08 அளவில் தொடர்பு அறுந்தது. காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில், மூடுபனிக்குள், மரங்களில் மோதி எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் உட்பட உள்ளே 14 பேர். 13 பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி 15-ஆம் தேதி பெங்களூரில் இறந்தார். முதலில் ஓடிப்போனது அந்தக் குக்கிராமத்து ஆட்கள்தான், குடத்தில் தண்ணீரும் வீட்டுப் போர்வையுமாக.

எங்கள் ஆட்கள் சீக்கிரமே அங்கே போய்விட்டார்கள். போன நிமிடத்திலிருந்து நெட்வொர்க்கின் மூன்று மேசைகளும் தனித்தனியாகக் கேட்டது ஒன்றே: உள்ளே யார்? ஊருக்குள் பெயர் பரவிவிட்டது. எங்கள் ரிப்போர்ட்டர் அதைச் சொல்லவில்லை. "ஹெலிகாப்டர் விழுந்திருக்கிறது, எரிகிறது, மீட்கிறார்கள். யார் என்பதை விமானப்படைதான் சொல்ல வேண்டும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிற்பகலில், தளபதி ராவத் உள்ளே இருந்ததை விமானப்படை உறுதி செய்தது. இறந்துவிட்டார் என்பதைச் சொன்னபோது மாலை ஆறு மணி தாண்டியிருந்தது. நடுவில் இருந்த மணி நேரங்களில் எத்தனையோ எண்ணிக்கைகள் எத்தனையோ திரைகளில் ஏறி இறங்கின.

அன்று முழுக்க ஒரு சேனல்கூட ஊட்டி என்று போட்டதை நான் பார்க்கவில்லை. இரண்டு வருடம் நாங்கள் கற்றுக்கொடுத்ததன் பலன் என்று கொஞ்ச நேரம் பெருமைப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது. விமானப்படையின் முதல் அறிவிப்பிலேயே 'குன்னூர் அருகே' என்று இருந்தது. சுருக்க முடியாத அளவுக்குச் சின்ன வரி, தட்டிக்கேட்க முடியாத இடத்திலிருந்து வந்தது. எல்லோரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

நான் அந்த வேலையை விட்டு வந்துவிட்டேன். மூத்த ரிப்போர்ட்டர் இன்னும் இரண்டு லோகோவோடு சுற்றுகிறார். வாட்ஸ்அப் குழுவுக்குப் பதிலாக நெட்வொர்க் இப்போது ஒரு செயலி கொடுத்திருக்கிறது. செய்தி, படம், பைட் எல்லாம் அதில்தான் ஏற்ற வேண்டும். போன மழைக்கு அவரைப் பார்க்கப் போனபோது திறந்து காட்டினார். இடம் என்ற கட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விரிகிறது. கோவை இருக்கிறது, திருப்பூர் இருக்கிறது, ஈரோடு இருக்கிறது. எங்கள் மாவட்டத்துக்கு ஒரே ஒரு பெயர். "ஊட்டி."

அதைத் தேர்வு செய்துவிட்டு, கீழே குறிப்பு எழுதும் கட்டத்தில் '30 கி.மீ. கீழே, பர்லியாறு' என்று அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.